பயணிகள் விமானம் சரக்கு விமானமாவது எப்படி? போயிங் 777-300ஈஆர் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

வளைகுடாவுக்குப் போய்வரும் நம்மவர்கள் பலர் எமிரேட்ஸின் போயிங் 777-300ஈஆர் விமானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வரிசைக்குப் பத்து இருக்கை, இரண்டு பிரமாண்டமான இன்ஜின், 74 மீட்டர் நீளம். பதினைந்து வருடம் ஓடிய பிறகு அந்த விமானம் எங்கே போகிறது? சிலவற்றை உடைத்து உதிரிபாகமாக விற்கிறார்கள். சில இஸ்ரேலுக்கோ அமெரிக்காவுக்கோ போய், பக்கவாட்டில் ஒரு பெரிய கதவுடன் சரக்கு விமானமாகத் திரும்புகின்றன. இரண்டு இன்ஜின் கொண்ட இவ்வளவு பெரிய விமானத்தை இப்படி மாற்றும் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட 777-300ஈஆர், எமிரேட்ஸில் பறந்த விமானம்தான்.

இந்த வேலையைப் பற்றிப் பேசினால் பலரும் கேட்பது ஒரே கேள்வி: "சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஏற்றினால் போதாதா?" கொரோனா காலத்தில், 2020இல், அதைத்தான் செய்தார்கள். இருக்கைகளின் மேலேயும், இருக்கையைக் கழற்றிய தரையிலும் முகக்கவசப் பெட்டிகளை வலைபோட்டுக் கட்டிப் பறந்தார்கள். அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் 777இன் பயணிகள் கதவு அகலம் ஒரு மீட்டர் சொச்சம், உயரம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு பெட்டியையும் ஆள் கையால்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். விமானச் சரக்கு உலகம் ஓடுவதோ பேலட்டில். 3.18 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம் உள்ள அலுமினியப் பலகை அது. அதன் மேல் மூன்று மீட்டர் உயரம்வரை சரக்கை அடுக்கி, வலைபோட்டு இறுக்கி, அப்படியே உள்ளே தள்ளுவார்கள். அது நுழைய ஒரு கதவு, அதைத் தாங்க ஒரு தளம், அது முன்னால் பாய்ந்தால் பைலட்டைக் காக்க ஒரு சுவர், அது தீப்பிடித்தால் அடக்க ஒரு வழி. இந்த நான்கும் சேர்ந்தால்தான் சரக்கு விமானம். நான்குக்குப் பின்னாலும் விபத்துகள் கற்றுக்கொடுத்த பாடம் இருக்கிறது. போகிற வழியில் அவற்றையும் சொல்கிறேன்.

படி 1: சரியான விமானத்தைத் தேர்ந்தெடுப்பது

பயணிகள் சேவைக்குப் பழையதாகி விலை இறங்கியிருக்க வேண்டும், உடம்பில் இன்னும் பல வருட உழைப்பு மிச்சம் இருக்க வேண்டும். பெரும்பாலும் 15 முதல் 20 வயது விமானங்கள் இந்தக் கட்டத்தில் வருகின்றன. வயதைவிட இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, பறந்த மணி நேரம். இன்னொன்று, சைக்கிள்: ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். ஏறும்போது உடல் காற்றழுத்தத்தால் பலூன்போல உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. உலோகத்தைக் களைப்படையச் செய்வது இந்த உப்பலும் சுருக்கமும்தான். தொலைதூரம் பறந்த விமானத்தில் மணிக்கணக்கு அதிகமாகவும் சைக்கிள் குறைவாகவும் இருக்கும். அதனால்தான் 777, 767, ஏ330 போன்ற அகல உடல் விமானங்கள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகின்றன.

உடல் அலுமினியமாக இருப்பதும் பெரிய வசதி. வெட்டலாம், தகடு சேர்க்கலாம், ரிவெட் அடிக்கலாம். 787, ஏ350 இரண்டின் உடலும் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அதில் கதவு அளவுக்கு ஓட்டை போட்டு மறுபடி பலப்படுத்துவது வேறு மாதிரியான, மிகக் கடினமான வேலை.

இன்ஜினைத் தனியாகப் பார்க்க வேண்டும். 777-300ஈஆரில் இருப்பது ஜிஈ90-115பி. சரியான நிலையில் உள்ள இரண்டு இன்ஜின்களின் மதிப்பு சில சமயம் மிச்ச விமானம் முழுவதையும் தாண்டிவிடும். போரோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு ஒவ்வொரு பிளேடாகப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

அப்புறம் காகிதம். குறிப்பிட்ட ஆயுள் கொண்ட ஒவ்வொரு பாகத்துக்கும் அது பிறந்த நாளிலிருந்து எந்த விமானத்தில், எத்தனை சைக்கிள் ஓடியது என்ற பதிவு வேண்டும். நடுவில் ஒரு பக்கம் காணாமல் போனால் பாகம் நன்றாகவே இருந்தாலும் பயன்படுத்த முடியாது. தரையிறங்கும் சக்கரத் தொகுதியின் ஒரு பாகத்துக்குப் பதிவு இல்லாமல், நல்ல விமானம் ஒன்று வாரக்கணக்கில் விலைபேச முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விமானத்தை ஒரு நாள் பார்த்தால் பதிவேடுகளைப் பத்து நாள் பாருங்கள்.

படி 2: என்ன சரக்கு, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவது

போயிங் தொழிற்சாலையிலிருந்தே சரக்கு விமானமாக வரும் 777எஃப்பை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் இல்லாமல், சரக்கோடு அதிகபட்சம் 248.1 டன் இருக்கலாம். வெறும் விமானத்தின் எடை சுமார் 144.4 டன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 103.7 டன். அதுதான் ஏற்றக்கூடிய சரக்கு. ஓடுபாதையில் கிளம்பும்போது மொத்த எடை 347.8 டன்னைத் தாண்டக்கூடாது. அப்படியானால் முழுச் சரக்கு ஏற்றிய பிறகு எரிபொருளுக்கு மிஞ்சுவது நூறு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. தொட்டியிலோ 145 டன் பிடிக்கும். ஆக, முழுச் சரக்கும் முழு எரிபொருளும் ஒரே நேரத்தில் நடக்காது. நூறு டன்னோடு சுமார் 9,200 கிலோமீட்டர் போகும். அதற்குமேல் போக வேண்டுமானால் சரக்கைக் குறைக்க வேண்டும்.

ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்குவது இதனால்தான். ஹாங்காங்கிலிருந்து அங்கே சுமார் 8,100 கிலோமீட்டர். பயணிகள் நேராகப் போக விரும்புவார்கள். பேலட்டுக்கு அந்த அவசரம் இல்லை. இடையில் எரிபொருள் போட்டுக்கொண்டால் அந்த எடைக்குச் சரக்கு ஏற்றலாம்.

மாற்றியமைத்த 777-300ஈஆர் 101.6 டன் தூக்கும், முழுச் சுமையோடு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். எடையிலும் தூரத்திலும் தொழிற்சாலை விமானத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் உடல் பத்து மீட்டர் கூடுதல் நீளம் என்பதால் 37 பேலட்டுக்குப் பதில் 47 பேலட் பிடிக்கும்: மேல் தளத்தில் 33, கீழே 14. கொள்ளளவு 25 சதவீதம் கூடுதல், சுமார் 820 கன மீட்டர்.

இதில் எது வேண்டும் என்பதைச் சரக்கின் அடர்த்தி முடிவு செய்யும். 103.7 டன்னை 777எஃப்பின் 653 கன மீட்டரால் வகுத்தால் கன மீட்டருக்கு 159 கிலோ. மாற்றிய 777-300ஈஆரில் அதே கணக்கு 124 கிலோதான். இயந்திர பாகம், மீன், பழம் என்று கனமான சரக்கு ஏற்றுபவருக்கு முதல் விமானம் சரி. ஆன்லைன் கடைப் பார்சல்களோ இடத்தை அடைக்கும், எடை இருக்காது. அவற்றை ஏற்றுபவருக்கு நீளமான இரண்டாவது விமானம் கூடுதல் வருமானம் தரும். இந்தக் கணக்கைப் போடாமல் வெறும் டன்னைப் பார்த்து விமானம் எடுப்பவர்கள் பாதி எடையில் இடம் தீர்ந்துபோய் நிற்பார்கள்.

படி 3: யார் கையில் சான்றிதழ் இருக்கிறது?

விமானத்தை யார் வேண்டுமானாலும் வெட்ட முடியாது. மாற்றத்தின் வடிவமைப்பு முழுவதுக்கும் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பு ஒரு துணை வகைச் சான்றிதழ் தர வேண்டும். தொழிலில் எஸ்டிசி என்பார்கள். இது கிடைப்பதில்தான் வருடங்கள் போகும்.

777-300ஈஆர் திட்டத்தை இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸும் விமானங்களைக் குத்தகைக்கு விடும் ஜிகாஸும் 2019 அக்டோபரில் அறிவித்தன. ஜிகாஸ் பிறகு ஏர்கேப் நிறுவனத்தின் கைக்குப் போனது. முதல் விமானம் 2020இல் டெல் அவிவ் வந்தது. 2022இல் சேவைக்கு வரும் என்றார்கள். மாற்றிய பின் முதல் முறை பறந்ததே 2023 மார்ச்சில். அமெரிக்காவின் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவும் இஸ்ரேல் அதிகாரிகளும் சான்றிதழ் கொடுத்தது 2025 ஆகஸ்ட்டில். முதலில் குத்தகைக்கு எடுத்துப் பறக்க ஒப்புக்கொண்ட நிறுவனம் அமெரிக்காவின் கலிட்டா ஏர். அமெரிக்காவிலேயே மாமத் ஃபிரைட்டர்ஸ், கன்சாஸ் மாடிஃபிகேஷன் சென்டர் என்று இன்னும் இரண்டு நிறுவனங்கள் 777க்குத் தனித்தனி வடிவமைப்போடு இறங்கியிருக்கின்றன. டெல்டா விமான நிறுவனம் ஓய்வு கொடுத்த பத்து 777-200எல்ஆர் விமானங்களை மாமத் வாங்கியது.

இவ்வளவு பெரிய விமானம் தேவையில்லை என்றால் ஏ330 இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள ஈஎஃப்டபிள்யூ அதை மாற்றுகிறது. சிங்கப்பூரின் எஸ்டி இன்ஜினியரிங்கும் ஏர்பஸும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. முதல் ஏ330-300ஐ 2017 டிசம்பரில் டிஎச்எல்லுக்குக் கொடுத்தார்கள். சுமார் 60 டன் சரக்கு ஏற்றும் வகுப்பு.

இங்கே நான் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான். சான்றிதழ் கையில் வராத வடிவமைப்புக்காக விமானத்தை முன்கூட்டியே வாங்கி நிறுத்தாதீர்கள். நிற்கும் விமானத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு.

படி 4: உரித்தெடுப்பது

இருக்கை, தலைக்கு மேல் பெட்டி, சமையல் மேடை, கழிப்பறைகள், ஆக்சிஜன் முகமூடி, சினிமாத் திரை, அவற்றுக்கு ஓடும் பல கிலோமீட்டர் வயர் எல்லாம் வெளியே வரும். பக்கவாட்டுப் பலகைகளை எடுத்ததும் இத்தனை வருடமாக யாரும் பார்க்காத எலும்புக்கூடு தெரியும். கழிப்பறை, சமையல் மேடைக்குக் கீழே தண்ணீர் கசிந்து அரித்த இடங்கள் அநேகமாக இருக்கும். பெரிய பராமரிப்புச் சோதனையை இதோடு சேர்த்துச் செய்வது புத்திசாலித்தனம். எப்படியும் எல்லாம் திறந்துதான் கிடக்கிறது.

படி 5: கதவை வெட்டுவது

இந்தத் தொழிலின் நெஞ்சு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

777எஃப்பின் சரக்குக் கதவு 3.72 மீட்டர் அகலம், 3.05 மீட்டர் உயரம். ஒரு சின்ன அறையின் சுவர் அளவு. விமானத்தின் உடலில் வெளித்தகடும் வளையமான ஃபிரேம்களும் சேர்ந்துதான் எடையைச் சுமக்கின்றன. அவற்றில் பலவற்றை அறுத்துவிட்டால் உடல் தன் எடையிலேயே சற்று வளையும். அந்த வளைவோடு கதவுச் சட்டத்தைப் பொருத்திவிட்டால் பிறகு கதவு ஒருநாளும் சரியாக மூடாது. ஆகவே வெட்டுவதற்கு முன்பே விமானத்தை ஜாக்கில் ஏற்றி, வயிற்றுக்கு அடியில் தொட்டில் போன்ற தாங்கிகளைக் கொடுத்து, அளவுக் கருவிகளால் உடல் நேராக இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். வெட்டும்போதும் வெட்டிய பின்பும் அதே அளவு இருக்க வேண்டும்.

பிறகு கதவைச் சுற்றிக் கனமான புதிய ஃபிரேம்களும் இரட்டைத் தகடுகளும் வரும். எதற்கு இவ்வளவு? உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு எட்டரை பவுண்டு அளவு. கதவின் பரப்பால் பெருக்கிப் பாருங்கள், 60 டன்னுக்கு மேல் வரும். ஒவ்வொரு பயணத்திலும் அந்தத் தள்ளலைப் பூட்டுகளும் கீல்களும் வாங்கிக்கொள்கின்றன. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு என்பதால் காற்றழுத்தம் அதை மூடி வைக்க உதவாது, திறக்கவே பார்க்கும்.

1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே துருக்கி ஏர்லைன்ஸின் டிசி-10இல் கீழ்த்தளப் பின்கதவு சரியாகப் பூட்டாமலே பூட்டியதுபோல் இருந்தது. நடுவானில் பிய்த்துக்கொண்டது. கீழே அழுத்தம் சட்டென்று போனதும் மேலே இருந்த பயணிகள் தளம் இடிந்து கீழே இறங்கியது. அதற்குள் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் சிதைந்தன. 346 பேர் இறந்தார்கள். 1989 பிப்ரவரியில் ஹவாய் அருகே யுனைடெட்டின் 747இல் சரக்குக் கதவு பிய்ந்தபோது ஒன்பது பேர் இருக்கைகளோடு வெளியே போனார்கள். இன்றைய கதவில் கொக்கி, அதன் மேல் பூட்டு, கொக்கி முழுதாக விழாவிட்டால் பூட்டு நகரவே முடியாத அமைப்பு, பைலட் முன் எச்சரிக்கை விளக்கு, கதவு முழுதாகப் பூட்டாமல் விமானத்துக்குள் அழுத்தம் ஏறவிடாத தடுப்பு எல்லாம் இருக்கின்றன. சான்றிதழ் அதிகாரிகள் மாதக்கணக்கில் குடைந்து பார்ப்பதும் இந்தப் பகுதியைத்தான்.

படி 6: தளம்

777இன் பயணிகள் தளத்தில் ஒரு பேலட் நீளத்துக்கு, அதாவது 3.18 மீட்டருக்கு, நான்கு வரிசை இருக்கை வரும். நாற்பது பேர், இருக்கை, கைப்பை எல்லாம் சேர்த்தாலும் நாலு டன்னுக்குள் அடங்கும். அதே நீளத்தில் இப்போது இரண்டு பேலட் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். ஒன்று 6.8 டன் வரை போகலாம். இரண்டும் சேர்ந்தால் பதிமூன்றரை டன். மூன்று மடங்குக்கு மேல்! அதனால் தளத்தின் உத்திரங்களை மாற்றுவார்கள் அல்லது பலப்படுத்துவார்கள். அதன் மேல் ரோலர் பாதை, கதவருகே எல்லாப் பக்கமும் உருளும் பந்துகள் பதித்த தட்டு, பேலட்டை நகர்த்தும் மோட்டார் சக்கரங்கள், நின்ற இடத்தில் பிடிக்கும் பூட்டுகள். ஆறு டன் பேலட்டை இரண்டு பேர் அந்தப் பந்துத் தட்டின் மேல் திருப்புவதைப் பார்த்தவர்களுக்குப் பூட்டின் அருமை உடனே புரியும். அவ்வளவு லேசாக நகரும் பொருள் நிற்பது அந்தப் பூட்டை நம்பி மட்டுமே.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸின் 747-400, பயணிகள் விமானமாக இருந்து மாற்றப்பட்டதுதான். உள்ளே ஐந்து கவச வண்டிகள், ஒவ்வொன்றும் 12 முதல் 18 டன். அவற்றைக் கட்டிய விதம் போதவில்லை. மேலேறும்போது குறைந்தது ஒரு வண்டி பின்னால் சரிந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையை இயக்கும் திருகையும் சிதைத்தது. ஏழு பேரும் இறந்தார்கள். விமானத்தில் குறை இல்லை, தளத்திலும் குறை இல்லை. இப்படிக் கனமான ஒற்றைப் பொருளை எந்தப் புள்ளியில், எத்தனை பட்டையால், எந்தக் கோணத்தில் கட்ட வேண்டும் என்பதும் மாற்றும் நிறுவனம் தரும் கையேட்டின் பகுதி. விமானத்தை வாங்கும்போது அந்தக் கையேட்டையும் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

ஏ330இல் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தரையில் நிற்கும்போது அதன் மூக்கு சற்றுத் தாழ்ந்திருக்கும். கதவோ முன்பக்கம். பேலட்டை ஏற்றத்தில் தள்ளிப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஏர்பஸ் புதிதாகக் கட்டிய ஏ330-200எஃப்பில் முன்சக்கரத்தைக் கீழே இறக்கி, மூக்குக்கு அடியில் ஒரு புடைப்பு வைத்துத் தளத்தைச் சமமாக்கினார்கள். டிரெஸ்டனில் மாற்றும் விமானங்களில் அந்தப் புடைப்பு இல்லை. மோட்டார் சக்கரங்களே பேலட்டை மேலேற்றிவிடும்.

படி 7: சுவரும் தீயும்

பைலட்டுக்குப் பின்னால் நூறு டன் சரக்கு. விமானம் மோதி நின்றால் அது முன்னால் வரும். எடையைப்போல் ஒன்பது மடங்கு விசையைத் தாங்கும் தடுப்பு வேண்டும் என்பது விதி. சில விமானங்களில் அது வலை, 777-300ஈஆரில் கெட்டியான சுவர்.

தீ விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கீழ்த்தளத்தில் ஹாலோன் வாயு அடித்துத் தீயை அடக்கலாம். மேல் தளம் அதற்கு மிகப் பெரியது, அங்கே அணைக்கும் வாயு கிடையாது. புகை உணரி சத்தம் போட்டதும் காற்றோட்டத்தை நிறுத்தி, பைலட்டுகள் ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொண்டு, சரக்குத் தளத்தின் அழுத்தத்தை வெளியேற்றுவார்கள். சுமார் 25,000 அடி உயரத்துக் காற்றில் தீக்கு மூச்சு முட்டும். அதற்காகவே உட்சுவர் முழுவதும் எரியாத பலகை, பல இடங்களில் புகை உணரி, காற்றை மூடும் வால்வுகள் எல்லாம் போடுகிறார்கள்.

ஆனால் லித்தியம் பேட்டரித் தீ இந்த முறைக்கு எளிதில் அடங்குவதில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் பார்சல் நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் அதுதான் நடந்தது. பைலட் அறைக்குள் புகை நிறைந்து மீட்டரே தெரியவில்லை. இருவரும் இறந்தார்கள். சரக்கு முனையத்தில் பேட்டரி அறிவிப்புப் படிவத்தைக் கேட்டு நச்சரிக்கும் ஊழியரைப் பார்த்தால் கோபப்படாமல் அதை நிரப்பிக் கொடுங்கள்.

படி 8: மிச்ச வேலைகள்

ஜன்னல்களுக்கு அலுமினிய அடைப்பு. முன்கதவுகளைத் தவிர மற்ற பயணிகள் கதவுகளை நிரந்தரமாக மூடுவது. பைலட்டுகளுக்கும் கூட வருபவர்களுக்கும் சில இருக்கை, ஒரு கழிப்பறை, சின்னச் சமையல் மேடை. பூ, மருந்து, உயிருள்ள குதிரை வரை ஏற்றுவதால் குளிர்சாதன அமைப்பைத் தளவாரியாகப் பிரிப்பது. கடைசியில் பெயின்ட்.

படி 9: எடை போட்டு, பறந்து பார்த்து, வாங்குவது

முழு விமானத்தையும் தராசில் நிறுத்தி வெறும் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் புதிதாகக் குறிப்பார்கள். இந்த எண் தவறினால் பிறகு போடும் ஒவ்வொரு சுமைக் கணக்கும் தவறு. சரக்கு விமானத்தில் ஏற்றும் வரிசையும் முக்கியம். பின்பக்கம் கனம் முதலில் ஏறிவிட்டால் மூக்கு தூக்கி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க வாலுக்கு முட்டுக் கொடுப்பதும் மூக்கைத் தரையோடு கட்டுவதும் உண்டு. ஹேங்கருக்குள் போனதிலிருந்து இங்கே வர, வடிவமைப்பு பழகிய பிறகு நான்கைந்து மாதம் ஆகும். முதல் விமானத்துக்கு எத்தனை வருடம் ஆனது என்பதை மேலே பார்த்தோம்.

வாங்கும் நாளில் ஒரு காலிப் பேலட்டை எடுத்துக் கதவிலிருந்து கடைசி இடம்வரை நீங்களே நகர்த்திப் பாருங்கள். எல்லாப் பூட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்குங்கள். கதவைப் பத்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள்.

படி 10: அதற்குப் பிறகு

புதிய கதவும் புதிய தளமும் வந்துவிட்டதால் விமானமே புதிதாகிவிடாது. 2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில்லில் யுபிஎஸ்ஸின் எம்டி-11 கிளம்பும்போது இடது இன்ஜின் இறக்கையிலிருந்து கழன்று விழுந்தது. 1991இல் கட்டப்பட்டு, தாய் ஏர்வேஸில் பயணிகளோடு பறந்து, பிறகு சரக்கு விமானமான விமானம் அது. இன்ஜினைத் தாங்கும் பின்பக்கப் பிடிப்பில் உலோகக் களைப்பால் வந்த விரிசல்கள் இருந்ததை விசாரணையாளர்கள் கண்டார்கள். சரக்குக் கதவுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது ஆயுளில் இறக்கை, இன்ஜின் பிடிப்பு, சக்கரத் தொகுதி, வால் எல்லாவற்றுக்கும் பழைய வயதுதான் ஓடிக்கொண்டிருக்கும். பராமரிப்புத் திட்டத்தை அந்த வயதுக்குப் போட வேண்டும். கதவைச் சுற்றிய புது ரிவெட் வரிசைக்கு எஸ்டிசி கேட்கும் தனிச் சோதனைகளும் இதோடு சேரும்.

விமான நிலையத்தில் சரக்கு முனையப் பக்கம் ஒரு 777 நின்றால் உற்றுப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்தே சரக்கு விமானமாக வந்ததில் உடல் வழவழவென்று இருக்கும், ஜன்னலே கிடையாது. மாற்றியதில் நெடுக ஜன்னல்களை அடைத்த தடம் வரிசையாகத் தெரியும். 747 என்றால் இன்னும் சுலபம். மூக்கைத் தூக்கித் திறக்கும் கதவு தொழிற்சாலைச் சரக்கு விமானத்துக்கு மட்டும்தான் உண்டு, மாற்றியதற்குப் பக்கக் கதவு மட்டுமே.